நர்சம்மாவுக்க தங்கச்சி

டெல்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வெளிச்சுவரில் ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். என்னவென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுப்படி இருண்டுவிட்டது. கடல்காற்று வருகிற ஒரே சன்னல் அது. அதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ் தொங்கியது. வெயில் அந்தப் பக்கமிருந்து அடித்ததால் அக்காவின் முகம் உள்ளேயும் மங்கலாகத் தெரிந்தது. எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தன. காற்று மோதும்போதெல்லாம் அக்காவின் கன்னம் உப்பி அடங்கியது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

“மக்கா, கொஞ்சம் தள்ளிக் கெட்டப்பிடாதா? அடுப்படில ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல.”

ஏணியில் நின்றவன் வாயில் கவ்வியிருந்த கயிற்றை எடுத்துவிட்டுச் சிரித்தான். “இங்க கெட்டுனாத்தான் மாமி, ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும். நர்சம்மாவுக்கு நாங்க வேற என்னத்தச் செய்யப் போறோம்?”

அவன் தோளில் அக்கா போட்ட ஊசித் தழும்பு இருக்கும். குளச்சலை ஒட்டிய அந்தக் கடற்கரை ஊரில் இளவட்டங்கள் எல்லார் தோளிலும் அது இருந்தது. பிளெக்ஸை நேராகப் படித்தாள். ‘குடும்பத்திற்காகவும் ஊருக்காகவும் தன்னையே தந்த கிராம சுகாதார செவிலியர் சகாயசெல்வி அவர்களின் நாற்பத்தொன்றாம் நாள் நினைவுத் திருப்பலி.’ கீழே குடும்பத்தார் பெயர்கள். அண்ணன் ராஜமணி, தலைமை ஆசிரியர், தக்கலை. மைனி, அண்ணனின் மகள், மருமகன். கடைசியில் ‘மற்றும் தங்கை’ என்றிருந்தது. பெயரைப் போட மறந்திருந்தார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. ஊரில் அவளுக்குப் பெயரே அதுதான். நர்சம்மாவுக்க தங்கச்சி.

அப்பாவின் முகம் டெல்சிக்கு நினைவில்லை. அவள் நடை பழகிக்கொண்டிருந்தபோது அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. வள்ளத்தின் ஒரு பலகை மட்டும் கரை ஒதுங்கியது. அதன்பிறகு அம்மா தலையில் அலுமினியச் சருவத்தை ஏற்றினாள். விடியுமுன் துறைக்குப் போய் மீன் எடுத்து, திங்கள்சந்தை வரை சுமந்து விற்று, உச்சி வெயிலில் திரும்பி வருவாள். சருவத்திலிருந்து ஒழுகும் மீன்தண்ணீர் காதோரம் வழிந்து காய்ந்திருக்கும். சாகும்போது அம்மாவின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரே இல்லை. அந்தத் தலையைத் தடவிக்கொண்டுதான் அக்கா சொன்னாள், “இனி நம்ம வீட்ல ஒருத்தரும் கடலத் தின்னப்பிடாது.” அப்போது அக்காவுக்கு நர்சு வேலை கிடைத்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. சொன்னதை அக்கா நடத்திக் காட்டினாள். தம்பி ராஜமணியைப் படிக்க வைத்து வாத்தியார் ஆக்கினாள். பதவி உயர்வு வந்தபோது, வெளியூர் போனால் இதுகளை யார் பார்ப்பது என்று வேண்டாமென எழுதிக் கொடுத்தாள். தனக்கென்று வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாள்.

டெல்சியையும் நர்சாக்கத்தான் அக்காவுக்கு ஆசை. டெல்சிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டவில்லை. சரி, அரசாங்க வேலை பார்க்கிறவனாகப் பார்த்துக் கட்டிக்கொடுக்கலாம் என்று அக்கா தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். அதற்கிடையில் டெல்சி வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அக்காவின் சேலைகளைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைப்பது, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்து நடந்து வீங்கி வரும் கால்களுக்கு வெந்நீர் வைப்பது, சாப்பாடு பரிமாறுவது. அக்கா சாப்பிட்டுக்கொண்டே ஊர்க் கதை எல்லாம் சொல்வாள். எந்த வீட்டில் எந்தப் பெண் எத்தனை மாதம், யாருக்கு இரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை. அந்த வீடுகளுக்குள் போகாமலேயே டெல்சிக்கு அவற்றின் உள்ளறைகள் தெரியும். “நீ வீட்ல இருக்கியல்லா, அதனாலதான் எனக்கு ஊருக்குள்ள நிக்க முடியுது, கேட்டியா” என்பாள் அக்கா. அந்த வார்த்தையைக் கேட்கும்போது டெல்சிக்கு நெஞ்சு நிறையும். நிறைந்த அதே இடத்தில் ஏதோ இறுகவும் செய்யும். இரண்டும் ஒன்றுதானோ என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

திருப்பலியில் பங்குத்தந்தை நெடுநேரம் பேசினார். ஒரு புதன்கிழமை, கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு முடித்து, பஞ்சைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் சாய்ந்துபோன அக்காவின் சாவை ஒரு புனிதையின் சாவு என்றார். கோயிலில் பெண்கள் அழுதார்கள். டெல்சி முன்வரிசையில் முட்டுப்போட்டிருந்தாள். அவளும் அழுதாள். அக்கா இறந்த மறுநாள் காலையில் பழக்கத்தில் வெந்நீர்ப் பானையைத் தூக்கி, பிறகு யாருக்கென்று புரியாமல் நின்றது ஞாபகம் வந்தது. அந்தக் காலையில், சுமை இறங்கியதுபோல் உடம்பு முழுக்க ஒரு லேசு பரவியது. அது என்னவென்று தெரிந்ததும் பயந்துபோய்ப் பானை நிறையத் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

பங்கு மண்டபத்தில் சாப்பாடு. பந்தி முடிந்து கைகழுவிய ஒரு பருத்த ஆள் அவளிடம் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நகக்கண்களில் கரிய எண்ணெய் அப்பியிருந்தது. டைட்டஸ்.

“நல்லா இருக்கியா டெல்சி?”

“இருக்கேன்.”

துறைமுகத்தில் போட் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த டைட்டஸ், வாலிபத்தில் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நேராக வந்து பெண் கேட்டவன். அக்கா கோபப்படவில்லை. சாயா போட்டுக் கொடுத்தாள். “நீ நல்ல பையன்தான். ஆனா காத்தடிக்கப்பெல்லாம் எனக்க தங்கச்சி வாசல்ல வந்து நிக்கப்பிடாது, மக்கா” என்றாள். நான் கடலுக்குப் போவதில்லை, மெக்கானிக்குதானே என்று அவன் கேட்டான். “எஞ்சின் சரியாச்சான்னு ஓட்டிப் பாக்கப் போவணும்லா?” என்றாள் அக்கா. டெல்சி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வரவில்லை. டைட்டஸ் வேறு ஊரில் பெண் கட்டினான். கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தான்.

“அக்கா இல்லேன்னா எனக்க மூத்த மோள் இண்ணைக்கு இல்ல, கேட்டியா” என்றான் டைட்டஸ். “ஏழு மாசத்துல பெறந்தா. தெனமும் எங்க ஊருக்கு நடந்து வந்து பாத்தாவ. அந்த மாதிரி ஒரு மனுசிய இனிக் காண முடியாது.”

அவன் கண்கள் கலங்கியிருந்தன. டெல்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காமேல் கோபப்பட இந்த உலகத்தில் தன்னோடு இன்னொரு ஆள் இருக்கிறான் என்று எங்கோ ஒரு மூலையில் இத்தனை காலமும் நினைத்து வைத்திருந்தாள். அதுவும் இல்லை.

பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ராஜமணி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அண்ணன் மெல்லப் பேசுகிறவன். யாரையும் அதட்டி அவள் பார்த்ததில்லை.

“வீட்டுக்கு வாடகைக்கு ஆள் சொல்லியிருக்கேன். வாற வாடகை ஒனக்க பேர்லதான் பேங்க்ல விழும். நீ தக்கலைக்கு வந்திரு. ஞாயிற்றுக்கெழமை வண்டி அனுப்புதேன். அக்கா ஒன்ன எனக்கிட்ட ஒப்படைச்சிட்டுல்லா போயிருக்கா.”

மைனி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மையும் படுத்த படுக்கையா கெடக்கா. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனா அவளுக்குக் குடிக்க ஒரு வெள்ளம் எடுத்துக் குடுக்க ஆளில்ல. ஒனக்கும் பேச்சுத்துணை ஆச்சு.”

டெல்சி தலையாட்டினாள். அந்த மாதிரி ஆட்டித்தான் அந்தத் தலைக்குப் பழக்கம். அவர்கள் காரில் ஏறிப் போனபிறகு தக்கலை வீட்டை நினைத்துப் பார்த்தாள். படுக்கையில் கிடக்கும் கிழவி, வெந்நீர், மூன்று வேளைச் சோறு, கொசுவலை அடித்த சன்னல்கள். அங்கே கடற்காற்று வராது. வேறென்ன மாறப் போகிறது என்று கேட்டுக்கொண்டாள். அரிவாள்மணையை எடுத்துப் போய் வெளிச்சுவரில் பிளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றை ஒரு பக்கம் அறுத்தாள். பிளெக்ஸ் சரிந்து தொங்கியது. சன்னல் வழியே காற்று வந்தது. கொஞ்ச நேரத்திலேயே தெருவில் போன இரண்டு பேர் ஐயோ நர்சம்மா விழுந்து கிடக்கிறாரே என்று ஓடிவந்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடியும்போது மரியபுஷ்பம் வாசலில் சருவத்துடன் நின்றாள். புஷ்பம் டெல்சியுடன் பள்ளியில் படித்தவள். கட்டியவன் குடித்துச் செத்தபிறகு மீன் விற்கிறாள். துறைக்குப் போகும் வழியில் ஒரு மடக்கு சாயா குடிப்பது அவள் வழக்கம்.

“நானும் வரட்டா புஷ்பம்?” என்றாள் டெல்சி.

“எங்க?”

“ஏலத்துக்கு. மீன் எடுத்து விக்க.”

புஷ்பம் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏட்டி, ஒனக்குத் தலைக்கு வல்ல கிறுக்கும் பிடிச்சிருக்கா?”

டெல்சி உள்ளே போனாள். மச்சில் கிடந்த அம்மாவின் சருவத்தை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

துறைமுகத்தை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. விசைப்படகுகள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன. காலடியில் ஐஸ் தண்ணீரும் செதிலும் மீன்இரத்தமும் கலந்து ஓடின. பெண்கள் குவியல்களைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, கையை ஆட்டி, ஒருத்தியை ஒருத்தி வாயில் வந்தபடி ஏசினார்கள். யாரும் யாருக்கும் மரியாதை கொடுக்கவில்லை. டெல்சிக்கு அந்தச் சத்தமே தாகத்துக்குத் தண்ணீர் தந்ததுபோல் இருந்தது. ஒரு சாளைமீன் குவியலின் முன் முண்டியடித்து நின்றாள். ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். மற்றவர்களைப் போலவே அவளும் கையைத் தூக்கி ஒரு விலை சொன்னாள். குரல் கீச்சென்று வந்தது. ஏலக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் வாய் நின்றுவிட்டது.

“நர்சம்மாவுக்க தங்கச்சியில்லா?”

கூட்டம் விலகி வழிவிட்டது. அதுவரை அவளை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. “இரி மோளே, ஒடம்பு நனைஞ்சிரும். வீட்டுக்கு மீன் வேணும்னா ஒரு வார்த்த சொல்லி விடப்பிடாதா? கொண்டு தர மாட்டோமா?” என்றார் ஏலக்காரர்.

“வீட்டுக்கில்ல. விக்கதுக்கு.”

சிலர் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

“நீயா? மீனா? நர்சம்மா கேட்டா எங்கள சும்மா விடுவாவளா?” செத்தவள் நாளைக்கு வந்து கேட்கப்போகிறாள் என்பதுபோல ஏலக்காரர் உண்மையிலேயே பயந்தார். அவள் நீட்டிய பணத்தை யாரும் வாங்கவில்லை. அவளுடைய சருவத்தில் ஒரு முழு நெய்மீனை வைத்தார்கள். இன்னொருவர் வந்து கைநிறைய இறாலைப் போட்டார். யாரோ சாயா வாங்கி வந்தார்கள். ஆட்டோவுக்கும் ஆள் ஓடியது. நெரிசலும் ஏச்சும் நடந்துகொண்டிருந்த அந்த இடத்தின் நடுவில், அவளைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாகக் கிடந்தது. டெல்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடக்கூட வழியில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்பாக ஒரு முகம் நின்றது.

மத்தியானமே ராஜமணி வந்துவிட்டான். யாரோ போன் செய்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தான். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த சருவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அழுதான்.

“எனக்க அம்மைக்கத் தலையில மயிரில்லாமப் போனது இந்தச் சருவம் சொமந்துதான். இத எறக்கி வைக்கதுக்கு அக்கா அவளுக்க வாழ்க்கையக் குடுத்தா. நீ போய் இதத் தூக்கித் தலையில வைக்க.”

“எனக்கதையும் சேத்துத்தான் குடுத்தா, அண்ணே.”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ராஜமணிக்கு அது புரிய நேரமெடுத்தது. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“அக்கா ஒனக்கு என்ன கொற வச்சா டெல்சி? சொல்லு.”

அவள் யோசித்தாள். டைபாய்டு வந்து கிடந்தபோது அக்கா இரவெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு திருநாளுக்கும் முதல் சேலை டெல்சிக்குத்தான். அக்கா தனக்கு வாங்குவது அதைவிட விலை குறைந்ததாக இருக்கும். மீனில் நடுத்துண்டு டெல்சிக்கு. அக்கா வாலைத் தின்பாள்.

“ஒரு கொறையும் வைக்கல்ல” என்றாள்.

“பின்ன?”

ஒரு குறையாவது வைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம் என்று இவனிடம் எப்படிச் சொல்வது? இவனும் பாவம்தான். அக்கா தின்னாமல் தந்த சோற்றைத் தின்று வாத்தியார் ஆனவன். அதற்கு ஈடாகத் தங்கையைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று அவன் கழுத்திலும் ஒரு கயிறு கிடந்தது.

“ஞாயிற்றுக்கெழமை காலையில வண்டி வரும். துணிமணிய எடுத்து வையி” என்றான். போகும்போது சருவத்தைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்துப் பூட்டினான். “இது இங்க இருக்கப்பிடாது.”

மறுநாள் காலை புஷ்பம் வந்தபோது டெல்சி குளித்து, பழைய சேலை ஒன்றை உடுத்து, வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னும் தெளியல்லியா ஒனக்கு?” என்றாள் புஷ்பம். சாயாவைக் குடித்து முடித்தாள். “நீ இனி துறைக்கு வந்தா அவனுவ மறுபடியும் கசேரதான் போடுவானுவ. நான் ரெண்டு பங்கா எடுத்துட்டு வாறேன். எனக்கப் பழைய சருவம் ஒண்ணு கெடக்கு, விளிம்பு கொஞ்சம் நசுங்கினது. இந்தப் பக்கத்துல எங்கயும் நீ விக்க முடியாது. திங்கள்சந்தையிலயும் தக்கலையிலயும் ஒன்ன அறியாத ஆளில்ல. கெழக்க போ. டெம்போ வடசேரி வரைக்கும் போவும். அங்கேருந்து மயிலாடிக்குப் பஸ்சு. அங்க ஒனக்க அக்காள ஆருக்கும் தெரியாது.”

மயிலாடியில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. கொட்டகைகளில் கல் கொத்தும் சத்தம் இடைவிடாமல் வந்தது. சாலையோரச் செடிகளின் இலையெல்லாம் வெள்ளையாகத் தூசு படிந்திருந்தது. பாதி முடிந்த சிலைகள் முகம் இல்லாமல் மல்லாந்து கிடந்தன. சருவத்தைத் தலையில் வைத்ததும் கழுத்து உள்ளே இறங்குவதுபோல் இருந்தது. சும்மாடு ஒருபக்கம் சரிந்தது. நசுங்கிய விளிம்பு வழியே குளிர்ந்த தண்ணீர் கழுத்தில் சொட்டி முதுகுக்குள் ஓடியது. ஒரு தெரு முழுக்க நடந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. எதிரே வந்த ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். தெரு முனையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, “மீனோய்” என்றாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“ஏ மீன்காரி, இங்க வா.”

ஒரு வீட்டுப் படியில் குண்டாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நைட்டிமேல் துவர்த்துத் துண்டு போட்டிருந்தாள். டெல்சி சருவத்தை இறக்கத் தெரியாமல் தடுமாறினாள். அந்தப் பெண் ஒரு கை கொடுத்தாள். உடனே குனிந்து ஒரு சாளையை எடுத்துச் செவுளைப் பிளந்து பார்த்து முகத்தைக் கோணினாள்.

“நேத்தைக்குள்ள மீனா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு.”

“இல்ல, இண்ணைக்கு உள்ளதுதான். காலையில எடுத்தது.”

“எல்லாவளும் இதத்தான் சொல்லுவா. என்ன வெல?”

டெல்சி சொன்னாள்.

“கொள்ளையடிக்க வந்தியா? போ போ. பாதி வெலைக்குத் தாறியா? இல்லேன்னா எடுத்துட்டு நட.”

அந்தப் பெண் நிஜமாகவே எரிச்சலில் இருந்தாள். டெல்சி சருவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். “பாதி வெலைக்கு ஒங்க ஊருல மண்ணுதான் கெடைக்கும்” என்றாள். சொன்னபிறகு அவளே திடுக்கிட்டாள். எதிரே நின்றவள் ஒன்றும் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் ஏசினாள், இவளும் ஏசினாள், கடைசியில் இருவருக்கும் நடுவில் ஒரு விலையில் வந்து நின்றது. அந்தப் பெண் சட்டி எடுத்துக்கொண்டு வந்து மீனைத் தானே பொறுக்கிப் போட்டாள். போடும்போது கணக்குக்கு மேல் இரண்டு மீனைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். டெல்சி அவள் கையைப் பிடித்து ஒன்றைத் திரும்பப் பிடுங்கினாள்.

“எங்க உள்ளவ நீ? முன்ன கண்டதில்லியே.”

“குளச்சல் பக்கம்.”

“பேரென்ன?”

“டெல்சி.”

“நான் பகவதி. நாளைக்கும் வருவியா? வாறதுன்னா நெத்திலி கொண்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் வண்டி டெல்சிக்கு ஞாபகம் வந்தது. எதிரே கொட்டகையில் உளிச்சத்தம் ஒருகணம் நின்று மறுபடி தொடங்கியது. பகவதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டியைப் படியில் வைத்துவிட்டு வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, “கைய நீட்டு” என்றாள். டெல்சி இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதன்மேல் கல்தூசு வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் விழவும் தூசு கரைந்து ஓடிற்று. செதில்கள் மட்டும் போகாமல், வெயிலில் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கின.